எண்ணிக்கை மட்டும் தெரிந்த பக்கம்

விருத்தாசலத்தில் வெப்சைட் செய்து கொடுக்கிறவன் என்று முதன்முதலாகப் போர்டு மாட்டியவன் நான்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. விசாரிக்கிற அளவுக்கு அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை என்பதுதான் நிஜம். பாலக்கரையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் ஒரே ரூம். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பிளக்ஸ், ஹால் டிக்கெட் பிரிண்ட் என்று எல்லாம் செய்வேன். ஆனால் என்ன தொழில் என்று கேட்டால் ‘ஃப்ளாஷ் டிசைனர்’ என்பேன். கேட்டவர் போட்டோ ஸ்டுடியோ போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். வெப்சைட்டில் படம் அசைய வேண்டும், சத்தம் வர வேண்டும், எழுத்து ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார வேண்டும் என்றால் அந்த நாளில் ஃப்ளாஷில்தான் செய்வார்கள். அதைப் பார்க்க, பார்க்கிறவருடைய கம்ப்யூட்டரில் ப்ளக்-இன் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் தனியாகப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் திருவிழா. போடாவிட்டால் அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம், அவ்வளவுதான். பாண்டிச்சேரியில் ஆறு மாசம் தங்கி நான் படித்தது அது ஒன்றைத்தான். நான் படித்துவிட்டு ஊர் திரும்பியபோதே அதன் காலம் இறங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாததால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. கெட்டது ஒரு அக்கா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். இங்கேயே செராமிக் என்கிற பீங்கான் தொழில் படித்தவர். பேட்டையில், அதாவது ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் பல வருஷம் கப் அண்ட் சாசர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே பாதி ஷெட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். கட்டிக்கொடுத்த இடம் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தை எப்போது எடுப்பார்களோ என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். ‘நிலத்த நம்பி ஒக்காந்திருக்க முடியாது தம்பி, கைத்தொழிலு ஒண்ணு நம்மள்து இருக்கணும்’ என்பார். கறாரான மனுஷி. பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடம் எனக்குப் பயமும் உண்டு, பாசமும் உண்டு.

அவர் செய்தது டீ குடிக்கிற கப்புதான். கைப்பிடி இல்லாத, உள்ளங்கையில் அடங்குகிற கப். ஆனால் அதற்கு மேலே அவர் பூசிய கிளேஸ் பேட்டையில் வேறு யாரிடமும் கிடையாது. பெண்ணாடம் பக்கம் அவர் பிறந்த வீடு. கரும்பு வெட்டிய பிறகு வயலில் காய்ந்த சோகையைக் கொளுத்துவார்கள் இல்லையா, அந்தச் சாம்பலை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். கண்டக்டர்கள் அவரைக் கண்டாலே முனகுவார்கள். சாம்பலைச் சலித்து, தண்ணீரில் பலமுறை அலசி, இன்னும் சில பொடிகளோடு கலந்து பூசிச் சூளையில் வைத்தால், பச்சையும் தேன் நிறமும் கலந்த ஒரு கண்ணாடி மாதிரிப் பூச்சு வரும். விளிம்பிலிருந்து அது மெல்ல வழிந்து பாதிக் கப்பில் நிற்கும், வெல்லப் பாகு வழிந்து நின்ற மாதிரி. அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருடைய வித்தை. அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் பிடித்தது அவருக்கு. பழைய காலத்து வழி ஒன்றும் இல்லை, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அவரே பார்த்துப் பார்த்துச் செய்தது.

கடைக்காரர்கள் அதை வாங்கவில்லை. ஒன்று மாதிரி ஒன்று இல்லை, செட்டு சேராது என்றார்கள். நேரடியாக வெளியூர் ஆட்களுக்கே விற்றுவிடலாம் என்று யாரோ சொல்ல, என் மாடிப்படி ஏறி வந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் ஒரு லாட்ஜுக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கும்தான். முதல்முறையாக அழகான ஒரு பொருள் கையில் கிடைத்தது. ஒன்றரை மாசம் உட்கார்ந்து செய்தேன். பக்கத்தைத் திறந்தால் முதலில் இருட்டு. நடுவில் சதவீதக் கணக்கு ஓடும். நூறு ஆனதும் ஒரு சூளைக் கதவு தெரியும். அது மெல்லத் திறக்கும், உள்ளே செக்கச்செவேல் என்று அனல். அதிலிருந்து கப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து சுற்றும். சிலருக்கு அந்தச் சதவீதம் முப்பதிலேயே ஐந்து நிமிஷம் நிற்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன். ‘அவங்க நெட்டு அப்படி’ என்று சொல்லிவிட்டேன்.

கப்பின் அளவு, விலை, அக்காவின் போன் நம்பர் எல்லாமே அந்தச் சூளைக் கதவுக்குள்ளேதான். எழுத்து வடிவம் கெடக்கூடாது என்று எல்லாவற்றையும் படமாகவே மாற்றி வைத்தேன். ‘ஒரு எழுத்தக்கூட யாரும் காப்பி அடிக்க முடியாதுக்கா’ என்று பீற்றிக்கொண்டேன். காப்பி அடிக்க முடியாதபடி படமாகக் கிடக்கிற எழுத்து, தேடுகிறவனுக்கும் கிடைக்காது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். விசிட்டிங் கார்டும் நான்தான் அடித்தேன். அதில் வெப்சைட் முகவரி மட்டும்தான். ‘நம்பரு போட வேணாமா தம்பி?’ என்று கேட்டார். நம்பர் போட்டால் அழகு கெட்டுவிடும், எல்லாம்தான் சைட்டில் இருக்கிறதே என்றேன். விஷயம் தெரிந்தவன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டார்.

பக்கத்தின் அடியில், ஓரத்தில் ஒரு கவுண்டர். யார் திறந்து பார்த்தாலும் எண் ஒன்று ஏறும். அதை மட்டும் நான் ஃப்ளாஷில் செய்யவில்லை. இலவசமாகக் கிடைத்த ஒன்றை எடுத்து வெளியே ஒட்டியிருந்தேன். அதற்கு ப்ளக்-இன் எதுவும் வேண்டாம், எந்த மெஷினிலும் ஓடும். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்த்தார்கள், போன் செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பார்சல் வைக்கோல் சுற்றிப் போகும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா என் ரூமுக்கு வருவார். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது, போனும் பட்டன் போன்தான். என் மெஷினில் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். சூளைக் கதவு திறக்கும். கைகட்டிக்கொண்டு பார்ப்பார். பிறகு குனிந்து அடியில் உள்ள எண்ணைப் படிப்பார். போன வாரத்து எண் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். கழித்துப் பார்த்து ‘முப்பத்தெட்டு பேரு’ என்பார், முகம் மலர்ந்து.

என் மெஷினில் அந்தக் கதவு ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது அந்த ஒரு மெஷினில்தான்.

அடுத்த வருஷம் எண் மடமடவென்று ஏறியது. கண்காட்சி, கல்லூரி விழா என்று அக்கா போகிற இடமெல்லாம் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தார். ஜனங்கள் கைக்கு எல்லாம் தொடுதிரை போன் வந்துவிட்டது, வாங்கின கையோடு முகவரியைத் தட்டிப் பார்த்தார்கள். வாரத்துக்கு முப்பது நாற்பது என்று இருந்தது இருநூறு ஆயிற்று, முந்நூறு ஆயிற்று. பார்சல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு திங்கட்கிழமை, போன வாரம் ஒரு போன்கூட வரவில்லை என்று சொன்னார். ‘சீசன் இல்லக்கா’ என்றேன். டீ குடிக்கிற கப்புக்கு என்ன சீசன் என்று அவர் கேட்கவில்லை.

எனக்குக் குட்டு தெரிந்தது சேத்தியாத்தோப்பில். சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கும்போது மாமா பையன் புதுப் போனை எடுத்துக் காட்டினான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வேலையைக் காட்டுகிறேன் பார் என்று அவன் போனை வாங்கி அக்காவின் முகவரியைத் தட்டினேன். பக்கம் வந்தது. இருட்டு வரவில்லை, சதவீதம் ஓடவில்லை, சூளை இல்லை. ஒரு வெறும் கட்டம். அதற்கு அடியில், ஓரத்தில், கவுண்டர் மட்டும் பளிச்சென்று நின்றது. நான் திறந்ததற்கும் அந்த எண்ணில் ஒன்று ஏறியிருந்தது. அந்த ஒன்று நான்தான்.

‘என்னா மச்சான், டப்பாவா இருக்குது?’ என்றான் அவன். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிக்னல் நாலு கோடும் நின்றது அவனுக்குத் தெரியும். மரியாதைக்குச் சிரித்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லாம் விளங்கியது. அந்தப் போன்களில் ஃப்ளாஷ் ஓடாது. நாளைக்கும் ஓடாது என்று போன் கம்பெனிக்காரர்களே சொல்லியிருந்தார்கள், நான்தான் அதைப் படிக்காமல் தள்ளியிருந்தேன். வாரத்துக்கு முந்நூறு பேர் என்று அக்கா சந்தோஷப்பட்டாரே, அதில் முக்கால்வாசிப் பேர் பார்த்தது ஒரு வெறும் கட்டத்தை. போன் நம்பரும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததால், வேண்டும் என்று நினைத்தவர்கள்கூடக் கூப்பிட வழியில்லை. வந்தவர்களுக்கு அக்காவின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பொருள், இதற்கு முன்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்கிற எண்ணிக்கைதான்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாதாரணமாக, படமும் எழுத்துமாக ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தால் இரண்டு நாள் வேலை. நான் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்கு ஆயிரம் சப்பைக்கட்டு வைத்திருந்தேன். எப்படியும் போனுக்கும் ப்ளக்-இன் வந்துவிடும் என்பது ஒன்று. அக்காவுக்கு இதெல்லாம் சொன்னால் புரியாது என்பது ஒன்று. நிஜம் வேறு. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அது செத்துவிட்டது என்று வாயால் சொன்னால் நான் பிறந்தநாள் பிளக்ஸ் அடிக்கிறவன் மட்டும்தான். அதை அந்தக் கறாரான மனுஷியின் முன்னால் நின்று சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. காப்பாற்றிக்கொண்ட மானம் என்னுடையது, விலை கொடுத்தது அவர்.

அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். பேட்டையில் ஒரு பழக்கம் உண்டு. புதுசாக எதையாவது வேகவைத்து எடுத்தால், ஷெட்டுக்கு முன்னால் ஒரு பலகையில் வைத்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பேட்டை ஆட்கள்தான். எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். ‘அடி கோணியிருக்குது’, ‘கிளேஸு குமிழ் வுட்டிருக்குது’ என்று குறை சொல்வார்கள். பிடித்திருந்தால் ‘உள்ள எடுத்து வை’ என்பார்கள், அதுதான் பாராட்டு. ஒன்றுமே சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனால் மட்டும் செய்தவருக்கு முகம் செத்துவிடும். சொல்லித் திருத்துகிற நிலையில்கூட இல்லை என்று அதற்கு அர்த்தம். அதற்கு மேல் அந்தச் சாமானை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். செய்தவரே கலவையை மாற்றிவிடுவார்.

அக்காவுக்கு வெப்சைட் என்பது அந்தப் பலகைதான். வாரத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள், எடுத்துப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ‘ஒருத்தரு ரெண்டு பேருன்னா பரவால்ல தம்பி. இத்தினி ஆயிரம் பேரு கையில எடுத்துப் பாத்துட்டு கம்முனு போறாங்கன்னா, குத்தம் கப்புலதான இருக்குது?’ என்றார். முதல் வருஷம் வாடிக்கையாளர்கள் வாங்கிப் போனதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. முந்நூறு பேருடைய மௌனத்துக்கு முன்னால் பழைய பத்துப் பேர் பேச்சு எம்மாத்திரம்?

‘அப்படில்லாம் இல்லக்கா’ என்றேன்.

முதலில் கிளேஸை மெல்லிசாகப் பூசினார். வழிகிறது ஜனங்களுக்கு அழுக்கு மாதிரித் தெரிகிறதோ என்று சந்தேகம். புதுக் கப்பை நான் போட்டோ எடுத்து, பழைய படத்தை எடுத்துவிட்டு, சூளைக் கதவுக்குள் வைத்தேன். ஒரு படத்தை மாற்ற முழுசையும் பிரித்துக் கோக்க வேண்டும், இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். அந்த இரண்டு நாளில் நேர்மையாக ஒரு பக்கம் போட்டிருக்கலாம் என்று கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மனசுக்குத் தெரியும். அடுத்த வாரம் எண் இன்னும் ஏறியது. போன் வரவில்லை. வழிகிறதை முழுசாக நிறுத்தினார். எண் ஏறியது. போன் வரவில்லை. பச்சை வேண்டாம் என்று சாம்பலின் அளவைப் பாதியாகக் குறைத்தார். வந்த நிறம் அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ‘எனக்குப் புடிச்சு என்னா ஆவுறது’ என்றார்.

ஒவ்வொரு தடவையும் நான் போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மாற்றினேன். ஒரு ஆள் தன் வலது கையை விரல் விரலாக வெட்டிக்கொள்கிறார், நான் பக்கத்தில் நின்று தட்டு ஏந்திக்கொண்டிருந்தேன். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் வெளியே விற்கிற வெள்ளை கிளேஸை வாங்கினார். எங்கேயும் கிடைக்கிற கப்பு மாதிரியே ஒரு கப்பு செய்தார். அதில் ஒட்டுவதற்கு ரோஜாப்பூ அச்சடித்த தாள் வாங்கினார். ஷெட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது மூலையில் இருந்த சாம்பல் மூட்டைகளைக் காணவில்லை. பக்கத்து ஷெட் பெண்களைக் கூப்பிட்டுப் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அலசிச் சலித்து, மாவு மாதிரி ஆக்கி வைத்திருந்த சாம்பல். நாலு மூட்டை. ‘நல்லா பளபளப்பா தேயுதாம் தம்பி’ என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு நான் எடுத்த போட்டோ எல்லாம் ஆடிப்போயிருந்தது.

ரோஜாப்பூ கப்பும் விற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அதையே லாரி லாரியாகச் செய்யும்போது இவரிடம் யார் வாங்குவார்கள்? ஆறு மாசத்தில் ஷெட்டைக் காலி செய்துவிட்டார். பேட்டையிலேயே பீங்கான் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போனார். திங்கட்கிழமைகளில் என் ரூமுக்கு வருவது நின்றது. கடைசியாக வந்தபோது எண்ணைப் பார்க்கவில்லை. ‘எனக்குக் கண்ணு இல்ல தம்பி. நல்லது எது கெட்டது எதுன்னு தெரிஞ்சவளுக்குத்தான் இந்தத் தொழிலு’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் தடுத்திருக்க வேண்டிய படிக்கட்டு அது. ஜன்னல் வழியாக அவர் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, ஃப்ளாஷை அதைச் செய்த கம்பெனியே கைவிட்டது. பிரவுசர்கள் எல்லாம் ப்ளக்-இன்னைப் பிடுங்கி எறிந்தன. ஒருநாள் காலையில் ஏதோ நினைப்பில் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். என் மெஷினிலும் சூளை திறக்கவில்லை. சேத்தியாத்தோப்பில் பார்த்த அதே கட்டம். அடியில் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுத பிறகாவது சொன்னேனா என்றால், இல்லை. பழைய சங்கதி, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இன்னொரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். போனில் திறக்கிற மாதிரி சாதாரணப் பக்கங்கள் செய்யப் பழகினேன், பிழைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

போன ஜூன் மாசம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கையில் ஒரு கட்டைப் பை, அதில் காலேஜ் ஃபாரங்கள். பெண் ப்ளஸ் டூ முடித்துவிட்டாளாம், இங்கேயே செராமிக் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். ‘அதெல்லாம் வேணாம்னு பி.காமுல சேத்துட்டு வரேன். எனக்கு இல்லாத கண்ணு அவளுக்கு எங்கேருந்து வரும்? ஏமாந்து நிக்கறதுக்கா?’ என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். பொய் சொல்கிறவர் இல்லை அவர். அதை முழுசாக நம்பித்தான் சொன்னார். பெண்ணாடம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் சொல்லாததால், அந்தப் பிள்ளை தன் அம்மாவிடமிருந்து ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு போகிறாள்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரம் பார்த்து யூனிட்டுக்குப் போனேன். வாசலில் புங்கமரத்தடியில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். அங்கே இருந்த சூப்பர்வைசர் என்னிடம், ‘இந்த அம்மா கண்ணுக்கு ஒரு மயிரிழை விரிசல் தப்பாதுங்க’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். போன், ப்ளக்-இன், கட்டம், கவுண்டர், கார்டு, எல்லாம். சுற்றி வளைக்காமல் சொன்னேன், அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

‘அப்ப அத்தினி ஆயிரம் பேரு வந்தாங்கன்னியே?’

‘வந்தாங்கக்கா. அவங்களுக்கு வெறும் கட்டம்தான் தெரிஞ்சிருக்கும். கப்பு தெரியல.’

‘ஒருத்தருக்குக் கூடவா?’

‘போன்ல வந்தவங்க ஒருத்தரும் பாக்கலக்கா.’

டிபன் பாக்ஸின் கொக்கியை மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார். ‘உனக்கு எப்ப தெரியும்?’

‘நீங்க மொத தடவ கிளேஸ மெல்லிசாக்குனீங்க இல்ல, அதுக்கு முன்னாடியே.’

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் மனசோடுதான் போயிருந்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

‘சரி தம்பி. அவங்க யாரும் பாக்கல. நீ பாத்தியே?’

எனக்குப் புரியவில்லை.

‘சைட்டுக்குப் போட்டா புடிக்க மொத மொத நீ ஷெட்டுக்கு வந்தன்னிக்கு, சூளையத் தொறக்கறப்ப நீதான் கூட நின்ன. சூடு ஆறறதுக்கு முன்னாடி துணியில புடிச்சு, எடுத்தவொடனே ஒங்கிட்டதான நீட்டினேன். வெளிச்சம் பத்தலக்கா, இப்படித் திருப்புங்கன்னு சொன்ன. கப்பப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுக்கப்பறம் எத்தினி திங்கக்கெழம வந்தேன். நான் ஒவ்வொண்ணா மாத்திக்கினு போறேன், நீ போட்டா புடிச்சிக்கினே இருந்த. இத்த மாத்தாதீங்கக்கா, இது நல்லா இருக்குதுன்னு நீ ஒருத்தன் சொல்லியிருந்தா போதுமே. நான் அந்தச் சாம்பல வுட்டிருக்க மாட்டனே.’

நான் அந்தக் கப்பைப் பார்த்த நாளை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் கையில் பிடித்ததில்லை. அன்றைக்கு என் மனசு முழுக்க, இதைச் சுழலவிட்டால் எப்படி இருக்கும், அக்கா என் வேலையைப் பார்த்து என்ன சொல்வார் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவரிடமிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார்.

‘ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா’ என்றேன்.

அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.